அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டவர்களுக்கு



போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அதில் ஒரு சாவித் துவாரம், ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு சின்ன லைட், பின்னால் நீளமாக வயர். படத்துக்குக் கீழே ஒரு வரி: "இதெல்லாம் எங்கட புள்ளைகளுக்குத் தேவையா? நாளைக்குப் பிரச்சினை வந்தா யார் பொறுப்பு?" அடுத்த நாள் அதே படம் ஒரு குரல் பதிவோடு வந்தது. அதில் 'ரிமோட்' என்ற சொல் மூன்று தடவை வந்தது.

பெட்டியைச் செய்தவர்கள் எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள். செய்யச் சொன்னது நாங்கள், விஞ்ஞானம் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் அதுதான். மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

முதலில் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றித் தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்று அடித்து விட்டால், தண்ணீர் கீழே பீறிட போத்தல் மேலே பாயும். தண்ணீர் ரொக்கெட். நியூட்டனின் மூன்றாம் விதி. இதற்கு வெடிமருந்து வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஆனால் போத்தலை விடுவிக்கும் வேலையை ஏதோ ஒன்று செய்ய வேண்டும். அந்த வேலையைத்தான் பெட்டி செய்கிறது. படம் எடுத்தவர் நாலு ஸ்குறூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் ஒரு மோட்டார் சைக்கிள் சாவி சுயிச், ஒரு ஹோர்ன் சுயிச், ஒரு உருகி, ஒரு தடையி, ஒரு எல்.ஈ.டி, இவ்வளவையும்தான் கண்டிருப்பார்.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. போன வருட விஞ்ஞான தினத்தில் இந்தப் பெட்டி இருக்கவில்லை. நைலோன் கயிறு ஒன்றுதான் இருந்தது. கொக்கியில் கட்டி எட்டி நின்று இழுத்தோம். நாலு போத்தல் அழகாகப் போனது. ஐந்தாவது போகவில்லை, கயிறு எங்கேயோ சிக்கிக்கொண்டது. "தொடாதே" என்று நாங்கள் கத்துவதற்கு முன்பே ஒரு பிள்ளை ஓடிப்போய், குனிந்து, போத்தலின் கழுத்தை ஆட்டிப் பார்த்தான். அது கிளம்பியது. புருவத்துக்கு மேலே நாலு தையல். கண்ணுக்கும் காயத்துக்கும் இடையில் ஒரு விரல் அகலம் இல்லை. அன்று அவனுடைய உம்மா எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "என்ன நடந்தது சேர்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அன்று இரவு தூங்கவில்லை.

60 பிஎஸ்ஐ அமுக்கம் என்றால் சைக்கிள் டயருக்கு அடிக்கும் அளவு. சின்ன விஷயமாகத் தெரியும். கணக்குப் பாருங்கள். போத்தலின் வாய் ஏறத்தாழ 4 சதுர சென்ரிமீற்றர். அந்த வாயால் போத்தலைத் தள்ளும் விசை 15 கிலோ மூட்டையின் பாரத்துக்குக் கிட்ட வரும். வெறும் போத்தலின் நிறையோ 50 கிராம் கூட இல்லை. அதற்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோன பிள்ளையை நாங்கள் தடுக்கவில்லை. தடுப்பதற்கு எங்களிடம் வாயைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. பிழை எங்களுடையது. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பேச்சு எழுந்தது. ஒரு பக்கம்: "இனி ரொக்கெட்டும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், பாடத்தை மட்டும் படிப்பியுங்க." மறுபக்கம்: "சின்னக் காயம்தானே, நாங்களெல்லாம் மரத்தில இருந்து விழாமலா வளர்ந்தோம், அப்பிடியே செய்யுங்க." இரண்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. முதலாவது பேச்சைவிட இரண்டாவது பேச்சுத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஊரில் நல்ல பெயர் எடுப்பதும் அதுதான்.

முதலாமவர்களுக்கு ஒரு பழைய கதை. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் பையன்களுக்கெல்லாம் ரொக்கெட் பைத்தியம் பிடித்தது. கிடைத்த இரசாயனத்தைக் கிடைத்த குழாயில் அடைத்தார்கள். கை போனது, கண் போனது, சில பிள்ளைகள் உயிரோடு திரும்பவில்லை. தடை செய்யுங்கள் என்று அங்கேயும் கூச்சல் எழுந்தது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே, நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், விமான மொடல் செய்யும் தன் சகோதரனுக்காகக் கடதாசியால் சின்ன ரொக்கெட் ஒன்றைச் செய்திருந்தார். அதை அவர் வைற் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹரி ஸ்ரைன் என்பவருக்கு அனுப்பினார். ஸ்ரைனுக்கு ஏவுதளப் பாதுகாப்பு தெரிந்த விஷயம். ரொக்கெட்டைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை, அதை எப்படி ஏவுவது என்பதற்கு விதிகளையும் எழுதினார். மோட்டரைப் பிள்ளைகள் செய்யக் கூடாது, கூடு கடதாசியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும், தீக்குச்சியும் திரியும் வேண்டாம், தூரத்தில் நின்று மின்சாரத்தால் மட்டுமே ஏவ வேண்டும்.

அந்த நாட்டுத் தேசிய ரொக்கெட்டியல் சங்கத்தின் பாதுகாப்புக் கோவையில் இன்றைக்கும் இதுதான் இருக்கிறது. சுற்றில் ஒரு பாதுகாப்புப் பூட்டு தொடராக இருக்க வேண்டும். ஏவும் சுயிச் விரலை எடுத்தவுடன் தானாக அணைய வேண்டும். சின்ன மோட்டருக்கு 15 அடி, பெரியதற்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும். ஏவுதல் தவறினால் பூட்டைக் கழற்றி 60 செக்கன் பொறுத்த பிறகே கிட்டப் போகலாம். தடை போட்டிருந்தால் அந்தப் பையன்கள் நிலவறைக்குள் போயிருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெருநாள் இரவில் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். பட்டாசைப் பிரித்து மருந்து சேர்க்கும் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் பக்கத்தில் இல்லை, எந்தப் பெட்டியும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். மருந்து வைத்த ரொக்கெட் எங்கள் பாடசாலைக்குள் வராது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் இந்த நாட்டில் குற்றம். அதைவிட, அது பிள்ளையின் கையைக் கொண்டுபோகும். எங்களுக்குத் தேவையானது அந்தக் கோவையில் இருக்கும் ஒழுங்கு மட்டும். அதற்குத் தண்ணீரும் காற்றும் போதும்.

இரண்டாமவர்களுக்கு, "அப்பிடியே செய்யுங்க" என்றவர்களுக்கு, இன்னொரு சம்பவம். 1960 நவம்பர் 21. கேப் கனவரலில் நாசாவின் மெர்க்குரி ரெட்ஸ்டோன் ரொக்கெட், உள்ளே ஆள் இல்லை. எஞ்சின் எரிந்தது, ரொக்கெட் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் எழும்பியது, எஞ்சின் நின்றது, ரொக்கெட் திரும்ப அதே இடத்தில் வந்து குந்தியது. உச்சியில் இருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்து போனது. பரசூட்டுகள் வெளியே வந்து தொங்கின. அடியில் இருந்த மின் இணைப்புகளில் ஒன்று முறை மாறி ஒரு கணம் முந்திக் கழன்றதுதான் காரணம். இப்போது எரிபொருள் நிறைந்த ரொக்கெட் ஒன்று யாருக்கும் கட்டுப்படாமல் நிற்கிறது. துப்பாக்கியால் சுட்டுத் தாங்கியில் ஓட்டை போட்டு அமுக்கத்தைக் குறைப்போமா என்று கூட அங்கே பேச்சு வந்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கிட்டப் போகாமல் காத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை வரை. பற்றரி இறங்கட்டும், திரவ ஒட்சிசன் ஆவியாகட்டும் என்று. ஒரு வல்லரசின் பொறியியலாளர்கள் இரவு முழுவதும் பொறுத்திருந்தார்கள். எங்கள் பிள்ளையால் ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் பொறுக்க வேண்டும் என்பதை நாங்கள் பழக்கியிருக்கவில்லை.

பொறுத்திருக்க வாய்ப்புக் கிடைக்காதவர்களும் உண்டு. 2003 ஆகஸ்ட் 22 அன்று பிரேசிலின் அல்கான்தாரா ஏவுதளத்தில், ஏவுவதற்குச் சில நாட்கள் இருக்கும் போதே ரொக்கெட்டின் மோட்டர் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. கோபுரத்தில் வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். ஏவும் சுற்று என்பது விளையாட்டல்ல. நாங்கள் போத்தலை வைத்துக்கொண்டு பெரிய கதை பேசுவதாக நினைக்க வேண்டாம். போத்தலோடு பழகாத கை நாளைக்கு வேறு எதன் முன்னாலும் பழகாது.

சரி, பெட்டி. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம். பிள்ளைகளின் வாப்பாமாரில் ஓட்டோ ஓட்டுபவர்கள், கராஜ் வைத்திருப்பவர்கள், வயரிங் வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

12 வோல்ற்றுப் பற்றரி. அதன் நேர் முனையில் இருந்து 10 அம்பியர் உருகி. அதன் பிறகு சாவி சுயிச். அதன் பிறகு ஹோர்ன் சுயிச். அங்கிருந்து 10 மீற்றர் வயர் ஏவுமேடைக்குப் போகிறது. அங்கே இருப்பது பழைய காரின் கதவில் இருந்து கழற்றிய லொக் மோட்டர். போத்தலின் கழுத்தைப் பிடித்திருக்கும் கேபிள் டைகளைச் சுற்றி ஒரு பைப் வளையம். அதைக் கீழே இழுக்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை இழுக்க விடாமல் ஒரு கம்பி. கம்பியை உருவுவது மோட்டர். அங்கிருந்து வயர் திரும்பிப் பற்றரியின் மறை முனைக்கு வருகிறது. எல்லாம் ஒரே தொடர். ஓரிடத்தில் விட்டால் எங்கேயும் ஓடாது.

சாவி சுயிச் ஏன் மோட்டார் சைக்கிளுடையது? அணைத்த நிலையில் மட்டும்தான் அந்தச் சாவியைக் கழற்ற முடியும். சாவி ஒருவரின் கையில் இருக்கிறது என்றால் சுற்று அணைந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்குச் சாட்சி தேவையில்லை. அந்தச் சாவி சிவப்பு நாடாவில் கட்டி, ஏவுமேடைக்குப் போகிறவரின் கழுத்தில் தொங்கும். போத்தலுக்குக் கிட்ட நிற்கும் பிள்ளையின் கழுத்தில் சாவி கிடந்தால், தூரத்தில் நிற்கும் எவரும், ஆசிரியராக இருந்தாலும், அந்தப் போத்தலை ஏவ முடியாது. இந்தப் பெட்டியில் உள்ள முழு அறிவும் இந்த ஒரு சாவிக்குள்தான் இருக்கிறது. இன்னொரு சாவி அதிபரின் அலுமாரியில் பூட்டி இருக்கிறது.

ஹோர்ன் சுயிச் ஏன்? சுவரில் போடும் சுயிச்சைப் போட்டால் போட்டபடியே நிற்கும். அடுத்தவன் சாவியைத் திருப்பினவுடனேயே போத்தல் பாயும். ஹோர்ன் சுயிச் விரலை எடுத்தால் அணைந்துவிடும். லொக் மோட்டரும் ஒரு கணம் மட்டும் மின்சாரம் வாங்கத்தான் செய்யப்பட்டது, தொடர்ந்து கொடுத்தால் சூடேறிக் கருகும். இரண்டுக்கும் பொருத்தம்.

அந்தச் சின்ன லைட்? ஹோர்ன் சுயிச்சுக்குச் சமாந்தரமாக ஒரு எல்.ஈ.டி, 1000 ஓம் தடையியோடு. சாவியைத் திருப்பினால் அது எரியும். அதன் ஊடாக ஓடுவது 10 மில்லி அம்பியர். அந்த அளவுக்கு மோட்டர் அசையாது. லைட் எரிந்தால் வயர் முழுக்க ஒழுங்காக இருக்கிறது, பெட்டி இப்போது உயிரோடு இருக்கிறது என்று இரண்டு செய்தி. எரியாவிட்டால் எங்கேயோ விட்டிருக்கிறது. அல்லது ஹோர்ன் சுயிச் ஒட்டிப்பிடித்திருக்கிறது, அப்படியென்றால் சாவியைத் திருப்பின கணமே மோட்டர் இழுத்திருக்கும். அதனால்தான் எல்லோரும் கோட்டுக்கு இப்பால் வந்த பிறகே சாவி உள்ளே போகும்.

வயர் விஷயத்தில் நாங்களும் படித்தோம். முதலில் மிச்சம் கிடந்த மெல்லிய வயரைப் போட்டோம். மேசையில் நன்றாக வேலை செய்த மோட்டர் மைதானத்தில் முனகியது. தரம் 10 மாணவி ஒருத்தி தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் அதன் தடை கிட்டத்தட்ட 0.7 ஓம். மோட்டர் கேட்பது 5 அம்பியர் என்றால் வயரிலேயே மூன்றரை வோல்ற்றுப் போய்விடும். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயருக்கு மாற்றினோம், அது ஒன்றேகால் வோல்ற்றுக்குள் அடங்கியது. ஓமின் விதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்போம்! அவளுக்கு அது அன்றுதான் தேவைப்பட்டது. (பெட்டியின் ஈயப் பற்றுவைப்பு முழுவதும் அவளும் அவளுடைய தோழியும்தான். "பொம்புளப் புள்ளைகளுக்கு ஏன் இந்த வேல" என்று கேட்டவருக்கு: எங்கள் மூன்று பேரின் பற்றுவைப்பையும்விட அது சுத்தம்.)

பெட்டியில் படாத, படத்திலும் வராத ஒன்று இன்னும் முக்கியம். பம்புக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு வால்வு வைத்திருக்கிறோம். போத்தல் கிளம்பாவிட்டால் யாரும் கிட்டப் போகத் தேவையில்லை. சாவியைக் கழற்றி, வால்வைத் திறந்தால் முதலில் தண்ணீர் பீச்சும், பிறகு காற்று இறங்கும். மானி பூச்சியத்துக்கு வந்த பிறகும் பிள்ளைகள் சத்தமாக 60 வரை எண்ணுவார்கள். பிறகு ஒரு ஆசிரியர், ஒருவர் மட்டும், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவார். போன வருடம் இந்த வால்வு இருந்திருந்தால் அந்தப் பிள்ளையின் புருவத்தில் தழும்பு இருந்திருக்காது. அது 350 ரூபாச் சாமான்.

இனி ரிமோட். ஒரு பிள்ளை உண்மையிலேயே கேட்டான், "சேர், போனால ப்ளூடூத்தில ஏவலாமே?" என்று. முடியாது என்றோம். வயர் என்றால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், கழற்றினால் கழன்றதுதான். கண்ணுக்குத் தெரியாத அலையை யார் அனுப்பினார், எப்போது வந்தது என்று மைதானத்தில் நின்று பார்க்க முடியாது. ஆகவே குரல் பதிவுச் சகோதரரே, எங்கள் பெட்டியில் ரிமோட் இல்லை. இருக்க விடவும் மாட்டோம்.

ஆனால் அந்தக் குரலில் இருந்த பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. அது எங்களுக்கும் தெரிந்த பயம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த ஊரில் இருந்தவர்கள்தான் நாங்களும். வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், ரேடியோ திருத்தப் பழகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் பெட்டியை அவனுடைய வாப்பா இரவோடு இரவாகக் கிணற்றடியில் புதைத்தார். வயர், பழைய பற்றரி, ஸ்பீக்கர் காந்தம், இவ்வளவுதான் உள்ளே. அந்த வாப்பாவை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அன்று யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எங்களில் ஒருவர் மல்ரிமீற்றரைக் கூட வீட்டில் வைக்காமல் பாடசாலை அலுமாரியில் கொண்டுபோய் வைத்தார். அந்தப் பிள்ளை அதன் பிறகு ரேடியோவைத் தொடவில்லை.

அதே மாதத்தில் நடந்த இன்னொன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தாக்குதலுக்கு நாலு நாளைக்கு முன், ஏப்ரல் 17 அன்று, இலங்கையின் முதல் செய்மதி ராவணா 1, அமெரிக்காவின் வொலப்ஸ் ஏவுதளத்தில் இருந்து புறப்பட்டது. ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இலங்கை இளம் பொறியியலாளர்கள் செய்த, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பெட்டி. அந்த வொலப்ஸுக்கு 1963இல் பயிற்சிக்குப் போன ஒருவரின் படம் எங்கள் ஊரில் பாதிப் பேரின் ஸ்ரேட்டஸில் இருக்கிறது. இராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதே வருடம் நவம்பர் 21 அன்று தும்பாவில் இருந்து முதல் ரொக்கெட் மேலே போன போது, அதன் ஒருங்கிணைப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாக இருந்தவர் அவர். கவனியுங்கள், பாதுகாப்புக்கு. வயது 32. கனவு காணுங்கள் என்று அவர் படத்தைப் பகிர்கிற அதே விரல்தான், வயரும் சுயிச்சும் பிடித்த பிள்ளையின் பெட்டியைப் படம் எடுத்து "தேவையா" என்றும் கேட்கிறது. எங்களுக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

வெளியே இருப்பவன் எங்கள் பிள்ளையின் கையில் வயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் அதற்கு நாங்கள் பதில் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறோம். வேலை தொடங்க முன்னரே அதிபரின் கையெழுத்தோடு பொலிஸ் நிலையத்துக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் கொடுத்தோம். சுற்று வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் இணைத்தோம். பொறுப்பதிகாரி வாசித்துவிட்டு, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். வரைபடத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பொலிஸ் கேட்காததை எங்கள் ஊர்க் குழு கேட்டது. எங்கள் பிள்ளையை நாங்களே சந்தேகத்தோடு படம் எடுத்து, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத குழுக்களில் போட்டால், அந்தப் படம் நாளைக்கு எந்த மொழியில் என்ன தலைப்போடு திரும்பி வரும் என்று அனுப்பியவர் யோசித்தாரா? பிரச்சினை வரும் என்று பயந்தவர்தான் பிரச்சினையை அனுப்பி வைத்தார். தயவுசெய்து அந்தப் படத்தை நீக்குங்கள். எங்களுக்காகக் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளையின் முகம் இருக்கிறது.

செலவைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பற்றரி, பழுதான யூபிஎஸ் ஒன்றில் இருந்து வந்தது. லொக் மோட்டர் ஒரு கராஜ்காரர் சும்மா தந்தது. மிச்சத்துக்கு 3,800 ரூபா, எங்கள் மூன்று பேரின் பையில் இருந்து. பாடசாலைப் பணத்தில் ஒரு சதம் தொடவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பாடசாலை மைதானத்தில் பன்னிரண்டு போத்தல்கள் ஏவுகிறோம், இன்ஷா அல்லாஹ். காற்றுப் பலமாக இருந்தால் ஏவ மாட்டோம், பிள்ளைகள் அழுதாலும் ஏவ மாட்டோம். பார்வையாளர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே. மேடைக்குப் போகிறவர்களுக்கு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. தையல் போட்ட பிள்ளை இம்முறை எண்ணிக்கை சொல்கிறான், அவனாகக் கேட்டு வாங்கிய வேலை. அவனுடைய உம்மாவும் வருகிறார்.

குரல் பதிவுச் சகோதரரையும் அழைக்கிறோம். வந்தால் முதல் ஏவுதலுக்கு அந்தச் சிவப்பு நாடாச் சாவி அவருடைய கழுத்தில் இருக்கும். அவர் மேடையில் இருந்து திரும்பி வந்து, தன் கையால் சாவியைப் போட்டால்தான் போத்தல் மேலே போகும்.